ஊன்றுகழியும் அதன் கயிறும்

பட்டறைத் தம்பிகளுக்கு,

நீங்கள் போனில் கேட்டது அளவு. படகில் ஊன்றுகழி மாட்ட என்ன குழாய் எடுப்பது, பின்பலகையில் துளை எங்கே போடுவது என்று கேட்டீர்கள். நான் "சொல்றேன், சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது என்பது உங்களுக்கே தெரியும். ஐந்தாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவன், எழுத்தும் மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுதும்போது எதிரே ஒரு முகம் இருக்காது. வெல்டிங் வெளிச்சம் இனிமேல் ஆகாது என்று கண் டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிறகு நேரமும் நிறைய இருக்கிறது.

ஊன்றுகழி என்றால் என்னவென்று உங்களில் புதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆழமில்லாத தண்ணீரில் படகு காற்றுக்கு நகராமல் நிற்க, நீளமான கழியைச் சேற்றில் குத்திப் பிடித்துக்கொள்வார்கள். கையால் பிடிக்க முடியாதவர்கள் படகில் ஒரு குழாயை மாட்டி, அதற்குள் கழியை இறக்கிவிடுவார்கள். சின்ன வேலை. நம் பட்டறையில் ஒரே ஒரு படகுக்குத்தான் அதைச் செய்திருக்கிறேன்.

அந்த வேலையைப் பற்றி எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட மீன்காரரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "எழுதச் சொல்லு, பேரு மட்டும் வேணாம்" என்று பதில் வந்தது. அதனால் இதில் யாருக்கும் பெயர் இல்லை. மீன்காரர், அவர் மனைவி, அந்த அம்மாவின் தம்பியான ஜீப்காரர், பிறகு நான்.

முதலில் நம் கை எதற்குப் பழகியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நம்மிடம் வருவது ஜீப்பு. போடிமெட்டு ஏறி எஸ்டேட்டுக்கு ஆள் கொண்டுபோகிறவை, ஏலக்காய் மூட்டை இறக்கி வருகிறவை. அந்த வளைவுகளில் குலுங்கி எது கழன்றாலும் உயிருக்கு ஆபத்து. அதனால் நமக்குத் தெரிந்த நல்ல வேலை இறுக்கமான வேலைதான். நட்டுக்கு மேல் நட்டு, அதற்கு மேல் ஒரு பொட்டு வெல்டிங். அசைத்துப் பார்ப்போம். அசையவில்லை என்றால் வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவோம்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருமுறை மேலே ஒரு எஸ்டேட்டில் வண்டி நின்றுவிட்டது என்று சரிசெய்யப் போனேன். வேலை முடிந்து திரும்பும்போது நான் ஏறி வந்த ஜீப்பு மழைச் சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை ஓட்டியவர்தான் நான் சொன்ன ஜீப்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் கதவைத் திறந்து குதித்தார்.

"எல்லாம் பின்னால வாங்கப்பா! பாதிப் பேரு ஏறித் தொங்குங்க, பாதிப் பேரு தள்ளுங்க. சும்மா நிக்காதீக!"

ஏலக்காய் பறித்துவிட்டு வந்த பெண்களும் இறங்கினார்கள். அதில் பாரியான ஒரு அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, ஒங்களத்தான் தேடுனேன். நீங்க பின்னாடி ஏறி நின்னாப் போதும், சக்கரம் தன்னால புடிச்சுக்கிரும்" என்றார்.

"ஏண்டா, சீட்டுக்கு நெருக்கிறப்ப மட்டும் 'ஒத்த ஆளுதான, ஒடுங்கி உக்காரு'ங்கிற. இப்ப மட்டும் நான் லோடா?"

சேறு தெறிக்கத் தெறிக்கச் சிரித்துக்கொண்டே தள்ளினோம். வண்டி ஏறிவிட்டது. மலையில் இது தினமும் நடப்பது. வண்டி மாட்டினால் எல்லோரும் பின்னால் போக வேண்டும். போகாமல் ஓரமாக நின்றவனை யாரும் மறக்க மாட்டார்கள், அடுத்த முறை அவனுக்காக வண்டி நிற்காது.

அந்த ஜீப்காரர்தான் தன் அக்காவையும் அக்காள் புருஷனையும் பட்டறைக்குக் கூட்டி வந்தார்.

"அண்ணே, எங்க மச்சானுக்கு ஒரு கை செஞ்சு குடுங்க" என்றார்.

மீன்காரர் சிரிக்கவில்லை. வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். அங்கே காய் பாலிஷ் போடும் டிரம்மில் அவர் கை மாட்டி விரல்கள் போய்விட்டன. எஸ்டேட் வேலை போனது, அதோடு எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீடும் போனது. மேலே இருக்கிற அணைத் தண்ணீரில் சின்ன ஃபைபர் படகில் புருஷனும் பெண்டாட்டியுமாக வலை போடுவது மட்டும்தான் மிச்சம். ஜிலேபி மீனும் கெண்டையும் பிடித்துக் கரையிலேயே விற்பார்கள்.

அந்த வேலைக்கும் நான்கு கை வேண்டும். வலையை இழுக்க இரண்டு, படகு காற்றில் ஓடாமல் கழியைக் குத்திப் பிடிக்க இரண்டு. இந்தக் கழியைத்தான் மீன்காரரால் பிடிக்க முடியவில்லை. படகு வலை மேலேயே ஏறிவிடுகிறது என்றார். ஆடி பிறக்கப்போகிறது. காற்றுக்காலம் முழுக்கத் தண்ணீரில் இறங்காமல் கிடந்தால் அவர்கள் வலை போடும் இடத்தை வேறு குடும்பம் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் மலையில் அவர்களுக்கு எந்தச் சோலியும் இல்லை.

"எப்படி வேணும்?" என்று கேட்டேன்.

"ஆடவே கூடாது" என்றார் ஜீப்காரர். "மெட்டு ரோட்டுக்கு லோடு கட்டுற மாதிரி, கப்புன்னு."

"ஆடணும்" என்றார் அவர் அக்கா.

அதுவரை அவர் பேசவில்லை. என்னை அண்ணே என்று கூப்பிட்டார். நானும் இதில் தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

"தண்ணி ஏறும், எறங்கும்ணே. வள்ளமும் கூட ஏறி எறங்கணும். கப்புன்னு கட்டுனா அலை உள்ள வந்துரும்."

மலையாளத்துப் பக்கம் இருந்து இருந்து அவர்களுக்குப் படகு என்று வாயில் வராது, வள்ளம்தான்.

"எங்கக்காவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ணே" என்றார் தம்பி.

"அந்தப் பயந்தாண்டா இம்புட்டு நாளு கரைக்குக் கொண்டாந்து சேத்துச்சு. நீ முழங்கால் தண்ணியக் கண்டாலே ஜீப்பத் திருப்புறவன், பேசாத."

ஜீப்காரருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. போடியில் பிறந்த நமக்கு எங்கே தெரியும்?

தங்கச்சி சொன்னதைக் கேட்ட பிறகு நான் வேலையை மாற்றிக்கொண்டேன். கழி குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும்படி தாராளமாக வைத்தேன். கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பூரா மரக்குத்திண்ணே. அணை கட்டுறதுக்கு முந்தி அது காடு" என்றார். அப்படியானால் வெட்டிய மரங்களின் அடிக்கட்டை கிடக்கும், கழி வேருக்குள் மாட்டும். மாட்டினால் கழியை விட்டுவிட்டுப் படகு தப்பிக்க ஒரு வழி வேண்டும். அதனால் குழாயைப் படகோடு சேர்க்கும் கிளாம்பை ஒரே ஒரு பின்னில், அதாவது கையால் உருவக்கூடிய ஒரு இரும்பு ஆணியில், நிறுத்தினேன். அந்தப் பின்னை உருவினால் கிளாம்பு, குழாய், கழி எல்லாம் மொத்தமாகக் கழன்று தண்ணீரில் நின்றுவிடும், படகு விடுபட்டுவிடும்.

பின்னை யார் உருவுவது? மீன்காரர்தான் என்றார்கள். வலை இழுக்கும்போது தங்கச்சியின் இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஆனால் மீன்காரரின் இடது கை படகின் விளிம்பைப் பிடித்திருக்கும், விரல் இல்லாத வலது கையால் பின்னின் வளையத்தை எப்படிப் பிடிப்பார்? அதனால் பின்னில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, அதன் முனையில் ஒரு கண்ணி போட்டேன். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கையை இழுத்தால் போதும். அளவெடுக்க அவர் துண்டை விலக்க வேண்டியிருந்தது. அவர் தயங்கினார். பட்டறையில் ஆள் இருந்தார்கள். நான் கையைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். கூச்சப்படுகிறவனுக்குக் கூச்சப்படுகிறவனைத் தெரியும்.

ஒரு கழி மட்டும் குத்தினால் படகு அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று இரண்டு கழி வைத்தோம், பின்பலகையின் இரண்டு ஓரத்திலும். பின்பலகைதான் தட்டையானது, போல்ட் போட வசதி. வலது பக்கத்துக்கு மட்டும் இந்தப் பின்னும் கயிறும். இடது பக்கம் சும்மா ஒரு கயிற்று வளையம்தான், மாட்டினால் அவிழ்த்துவிடலாம்.

ஆடி பிறந்தபின் ஒரு காலையில் மேலே போனோம். ஜீப்பின் கூரையில் கழிகளைக் கட்டியிருந்தோம். மெட்டில் மூடுபனி. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஓரத்தில் மரக்குத்திகளின் தலை தெரிந்தது. கிளாம்பை மாட்டி முடித்ததும், "நாங்களும் அண்ணனுமா மூணு பேரு போதும், வள்ளம் சின்னது" என்றார் தங்கச்சி. "கை செஞ்சதப் பாக்க நானு வரவேணாமாக்கா?" என்று ஜீப்காரர் ஏறிவிட்டார். தடித்த கோட்டும் முழங்கால் வரைக்கும் பூட்சும் போட்டிருந்தார். மலையில் எல்லோரும் அப்படித்தான், அட்டைக்கும் குளிருக்கும்.

வேலை நன்றாகவே இருந்தது. காற்று வருகிற பக்கம் படகின் மூக்கைத் திருப்பி நிறுத்தி, இரண்டு கழியையும் இறக்கினோம். படகு நின்றது. தங்கச்சி எழுந்து நின்று வலையை இழுத்தார், படகு அசையவில்லை. மீன்காரர் நடுப்பலகையில் உட்கார்ந்து மணிக்கட்டில் கண்ணியை மாட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "நிக்குதுண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கை போன பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தங்கச்சி பிறகு சொன்னார்.

வெயில் ஏறியதும் காற்று திரும்பியது. மூடுபனி கிழிந்து கணவாய்ப் பக்கத்திலிருந்து இறங்கிய காற்று, எங்களுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. முன்பக்கம் கூராக இருப்பதால் அலையைப் பிளக்கும். பின்பக்கம் தட்டை. அலை பலகையில் வந்து அறைந்து உள்ளே சொட்டத் தொடங்கியது.

"மதி, கழிய எடுங்க" என்றார் தங்கச்சி. மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம்.

இடது கழியை ஜீப்காரர் சுலபமாகத் தூக்கிப் படகுக்குள் போட்டார். வலது கழி வரவில்லை. இரண்டு முறை ஆட்டினார். "வேருல மாட்டிக்கிருச்சுக்கா."

"அப்ப பின்ன உருவுங்க. கழி போனாப் போகுது" என்றேன். அது ஒன்றைத்தான் அன்று நான் சத்தமாகச் சொன்னேன்.

மீன்காரர் கையை இழுத்தார். பின் அசையவில்லை. தோளோடு சாய்ந்து இழுத்தார், கயிறு மணிக்கட்டில் பதிந்தது. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. காற்று படகை முன்னால் தள்ளுகிறது, கழி பின்னால் பிடித்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பின் நசுங்கிக்கிடக்கிறது. ஆள் சாய்ந்து அழுத்திக்கொண்டிருக்கும் கதவில் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. அதுபோலத்தான்.

தங்கச்சிக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எல்லாம் முன்னாடி வந்துருங்க! பின்பக்கம் லேசாகட்டும், அலை ஏறாது. காத்து நடுவுல ஒருவாட்டி மூச்சு வாங்கும், அப்ப பின்னு தன்னால வரும். வாங்க, வெரசா!"

"என்னக்கா நீ!" ஜீப்காரர் ஏற்கெனவே பின்பலகையில் ஒரு காலை ஊன்றிக் கழியைக் கட்டிப்பிடித்திருந்தார். "மச்சானுக்குக் கை போன மாதிரி இதுவும் போகணுமா? ஒரு தூக்குத் தூக்குனா வந்துரும். எல்லாம் பின்னால வாங்க! அண்ணே, வாங்க, சும்மா நிக்காதீக!"

தம்பிகளே, என் கால் பின்னால்தான் போனது. யோசித்து வைத்த அடி இல்லை அது. மலையில் ஏதாவது மாட்டிக்கொண்டு ஒருவன் அப்படிக் கூப்பிட்டால் நம் கால் தானாகவே போகும். ஒரு அடி வைத்ததும் படகின் பின்பக்கம் இறங்கியதை உள்ளங்காலில் உணர்ந்தேன்.

"அண்ணே, நீங்களாவது சொன்னதக் கேளுங்க!"

நான் திரும்பி, தங்கச்சியைத் தாண்டி, முன்மூக்கில் போய்ப் படுத்தேன். வலையின் மேல், மீன் வாடையில், முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு. உதவி கேட்டவருக்கு முதுகைக் காட்டிப் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுதான் சரி என்று தெரிந்தும் உடம்பு கூசியது. மீன்காரர் நடுவிலேயே இருந்தார். கயிறு விறைத்து நின்றது.

ஒரு பெரிய அலை பின்பலகைக்கு மேல் ஏறி வந்தது. ஜீப்காரரின் முழங்கால் வரை தண்ணீர். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் கழியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "வருது மச்சான், வருது, வருது" என்றார்.

காற்று நின்றது. தங்கச்சி சொன்னபடியே ஒரு மூச்சு நேரம் நின்றது.

பின் கழன்று வந்துவிட்டது.

நான் செய்தது செய்தபடி வேலை செய்தது. கிளாம்பு கழன்றது, ஜீப்காரரின் ஊன்றிய கால் உந்தப் படகு அம்பு மாதிரி முன்னால் பாய்ந்தது, கழி நின்ற இடத்தில் நின்றது. கழியைக் கட்டிப்பிடித்திருந்தவரும் கழியோடு நின்றுவிட்டார். அவருடைய பாரத்துக்குக் கழி மெதுவாகச் சாய்ந்தது. அவர் முகத்தில் பயம்கூட இல்லை, கோபம்தான் இருந்தது, வண்டி தன்னை விட்டுவிட்டுப் போனவனைப் போல.

மீன்காரர் அப்போது கையை இழுத்தாரா, இழுத்தபடியே இருந்த கயிறு பாரம் விலகியதும் தானாக வந்ததா, எனக்குத் தெரியாது.

படகில் பாதித் தண்ணீர். மறுபடி எழுந்த காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. தங்கச்சி துடுப்பைப் போட்டார், நான் வாளியால் இறைத்தேன். மீன்காரர் "மாப்ளே, மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதிர்க்காற்றில் திரும்பி வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் அலை மட்டும் இருந்தது. கோட்டும் பூட்சும் இல்லாமல் இருந்தால் என்று இப்போதும் நினைப்பேன். மீன்காரரின் மணிக்கட்டில் கண்ணி அப்படியே கிடந்தது, அதன் முனையில் பின் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வேறு படகுக்காரர்கள்தான் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

கரையில் கூட்டம் கூடி என்ன நடந்தது என்று கேட்டபோது, மீன்காரர் என்னைக் காட்டி ஒன்றுதான் சொன்னார்.

"இவரு முன்னால போயிட்டாரு. மாப்ள கூப்புடக் கூப்புட முன்னால போயிட்டாரு."

அது பொய் இல்லை. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. தங்கச்சி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

பேச்சு எனக்கு முன்னால் போடிக்கு இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஒரு வேலைக்காக ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "வெல்டருக்கு முன் சீட்ட விடுங்கப்பா. அவரு எப்பவும் முன்னாலதான்" என்று ஒருவர் சொன்னார். யாரோ சிரித்தார்கள், யாரோ "சும்மா இருப்பா" என்றார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். பின்னால் போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

நம் பட்டறை முதலாளி பாய் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "என்னப்பா நடந்துச்சு? நீ வாயத் தெறக்காம இருந்தா அவிங்க சொல்றதுதான் நெசம்னு ஆயிரும்."

"சோலியப் பாப்போம் பாய்" என்றேன்.

நல்ல மனிதர். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நான் பேசாததற்கு என் கூச்சத்தைக் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிதான். அந்தக் கயிறு யார் மணிக்கட்டில் இருந்தது என்பதைப் பார்த்தவர்கள் நானும் தங்கச்சியும் மட்டும். வெல்டர் முன்னால் ஓடிவிட்டான் என்ற ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் மீன்காரர் அந்த மழைக்காலத்தைக் கடந்தார். அதை அவரிடமிருந்து நான் பிடுங்கினால் அவரிடம் மிஞ்சுவது அந்தக் கயிறு. எனக்கு முன் சீட்டுத்தானே, உட்கார்ந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஆடியிலிருந்து அவர்கள் படகு கரையில் கவிழ்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். தங்கச்சி எங்கோ கூலிக்குப் போகிறார், மீன்காரர் வெளியே வருவதில்லை என்றார்கள். வலை போடும் இடத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை, சாவு நடந்த இடம் என்று தள்ளியிருந்தார்கள். அடுத்த மழை வரைக்கும் அப்படி இருக்கும், அதற்குப் பிறகு இருக்காது.

சித்திரையில் அணைத் தண்ணீர் வற்றியது. ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் ஜீப்பு வந்து நின்றது. கூரையில் ஒரு கழி. மீன்காரரும் தங்கச்சியும் இறங்கினார்கள்.

"அங்கனதான் நின்னுச்சுண்ணே" என்றார் தங்கச்சி. "தண்ணி எறங்க எறங்க மேல வந்துச்சு. சாஞ்சு, கிளாம்போட."

கழியை இறக்கினோம். அடியில் கருத்த வேரின் ஒரு துண்டு இன்னும் செருகியிருந்தது. நான் சுத்தியலால் தட்டி எடுத்தேன். கிளாம்பில் சேறு காய்ந்திருந்தது, துரு அவ்வளவு இல்லை. மீன்காரர் சட்டைப் பையில் இடது கையை விட்டு எதையோ எடுத்து மேசை மேல் வைத்தார். பின், கயிற்றோடு. இத்தனை மாதமாக வைத்திருந்திருக்கிறார்.

நான் துளையைத் துடைத்துப் பின்னைச் செருகினேன். பழக்கதோஷம், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு விரலால் இழுத்தேன். வெண்ணெயில் போட்ட மாதிரி வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். வெளியே அவர்களைக் கொண்டுவந்த வாடகை ஜீப்பின் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"முன்னாடி மாட்டணும்ணே" என்றார் தங்கச்சி. "முன்மூக்குல. ஒத்தக் கழி போதும். சுத்துனாச் சுத்திட்டுப் போகுது. காத்து எந்தப் பக்கம் வந்தாலும் மூக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிரும்."

முன்பக்கம் வளைவு. உள்ளே மரக்கட்டை கொடுத்துத்தான் போல்ட் போட முடியும். இரண்டு நாள் ஆகும், படகையும் கீழே கொண்டுவர வேண்டும் என்றேன். சரி என்றார். தண்ணீருக்குத் திரும்பப் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கயிறு பழசாகிவிட்டது. புதுக் கயிறு எடுத்தேன். அளவு பார்க்க மீன்காரரின் பக்கம் நீட்டினேன். அவர் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட வேணாம்ணே" என்றார். "அவகிட்ட இருக்கட்டும்."

தங்கச்சி அவரைப் பார்த்தார். அந்த ஆடிக்குப் பிறகு அவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. அவர் அழவில்லை. புருஷனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று கையை நீட்டினார். கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"இறுக்கமா வேணாம்ணே" என்றார். "கண்ணி பெருசாவே இருக்கட்டும். உருவிட்டு அந்தக் கையாலேயே எதையாச்சும் புடிக்க வேண்டியிருக்கும்."

மீன்காரர் வாசலுக்குப் போய் அங்கே நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

இப்போதும் அவர்கள் வலை போடுகிறார்கள். காற்றுக்காலத்தில் மத்தியானத்துக்கு முன்பே கரைக்கு வந்துவிடுவார்களாம். ஜீப் ஸ்டாண்டில் இன்னமும் எனக்கு முன் சீட்டைத்தான் விடுகிறார்கள். ஏன் என்று புதுப் பையன்களுக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அளவு கேட்டீர்கள். குழாய் கழியைவிட ஒரு விரல் தாராளமாக இருக்கட்டும். மாட்டுவது முன்பக்கம். பின் லேசாக ஓட வேண்டும், அதில் பொட்டு வெல்டிங் வைக்கக் கூடாது. மிச்சமெல்லாம் படகைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். துளை போடும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: கயிறு யார் கையில் இருக்கும், அந்த நேரத்தில் மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? படகு கொண்டுவந்தவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டால், டிரில்லைக் கீழே வையுங்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை கேளுங்கள்.